சமையலறைக்கு அனுப்பக் கூடாது

விடுதலையாகிப் போகிறவளிடம் "போயிட்டு வா" என்று சொல்லக் கூடாது. பெண்கள் சிறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, மூத்த காவலர் ஒருத்தி சாவியம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது இது. வெளியே எந்த வீட்டிலும் "போறேன்" என்று சொன்னால் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். இங்கே "வா" என்று சொன்னால் கூட இருக்கிற காவலர்கள் கடிந்துகொள்வார்கள். வாசல்வரை கூடப் போக வேண்டும், துணிப்பையைக் கையில் கொடுக்க வேண்டும், "நல்லா இரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்துவிட வேண்டும். சகுனத்தில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பதினோரு வருடம் அப்படித்தான் செய்துவந்தாள்.

சாவியம்மா என்பது கைதிகள் அவளுக்கு வைத்த பெயர். மற்றக் காவலர்கள் தாங்கள் வருவது தெரியட்டும் என்று இடுப்புச் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நடப்பார்கள். இவள் சத்தம் வராமல் உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்தபடி நடப்பாள். பாவம், பெண்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்ற எண்ணம்தான். சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்தால்தான் அவர்களுக்கு அதிகமாகத் தூக்கிவாரிப்போடுகிறது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் அவள் நாக்கு புரண்டது. அன்று வீட்டில் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப அடம் பிடித்து, வாசலில் நின்று நாலைந்து தடவை "போயிட்டு வா கண்ணு, போயிட்டு வா" என்று கெஞ்சிவிட்டு வேலைக்கு வந்திருந்தாள். சிறை வாசலில் பையைக் கொடுத்ததும் அதே வார்த்தை அதே தொனியில் தானாக வந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற காவலர் "ஐயையோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். விடுதலையானவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒன்பது வருடம் உள்ளே இருந்து, அரசு மன்னிப்பில் வெளியே வருகிறவள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அதைப் பார்க்கச் சகிக்காமல் சாவியம்மா அவசரமாகச் சமாளித்தாள். "இங்க இல்ல. என் வீட்டுக்குச் சொன்னேன். ஒரு நாள் வீட்டுக்கு வா."

"எந்த வீடு மேடம்?"

விலாசம் கேட்பாள் என்று யார் எதிர்பார்த்தது? பொய் சொல்லத் தோன்றவில்லை. மூன்றாவது கட்டடம், இரண்டாவது மாடி, மாடிப்படி ஏறினதும் இடது பக்கம் என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைப் பூட்டும்போதே தப்புச் செய்துவிட்டோமோ என்று தோன்றியது. இருந்தாலும், தன்னைப் பூட்டி வைத்தவள் வீட்டுக்கு யார் விருந்துக்கு வரப்போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டாள்.

வந்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம்.

காலை ஷிப்ட் முடிந்து, சாவிக்கொத்தை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, காவலர் குடியிருப்பின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள் சாவியம்மா. முதல் மாடியிலேயே வெண்ணெயில் வெங்காயம் வதங்குகிற வாசனை. யார் வீட்டிலோ நல்ல சமையல் என்று நினைத்தாள். பசி அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது மாடிக்கு வந்தபோது வாசனை தன் வீட்டுக் கதவு வழியாகத்தான் வருகிறது என்று தெரிந்தது. கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து மகளின் குரல், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி:

"வெங்காயம் ரெண்டு. கேரட் நாலு. வெண்ணெய் ஒரு கரண்டி. இப்போ உருளைக்கிழங்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு..."

கூடத்தில் அவள் கணவர் தரையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க அடுத்தவர்களை ஏற்றி இறக்குகிற இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர், சனிக்கிழமையானால் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையாவது பழுது பார்ப்பார்.

"வா வா. உன் சிநேகிதி வந்திருக்காங்க" என்றார், திருப்புளியை வாயிலிருந்து எடுத்து.

சாவியம்மா சமையலறை வாசலுக்குப் போனாள். அடுப்பின் முன்னால் நின்றிருந்தவள் திரும்பினாள். கையில் கத்தி. பக்கத்தில் முக்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, கன்னத்தை அவள் தோளில் உரசாத குறையாக, ஒன்பது வயது மகள், குட்டி.

"வணக்கம் மேடம்" என்றாள் சமையல்காரி.

சாவியம்மாவின் கை இடுப்புக்குப் போயிற்று. அங்கே சாவி இல்லை.

சமையல்காரி என்பது அவளுடைய தொழில். பிறகு அதுவே அவளுடைய வழக்கு. ஒரு பெரிய வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மத்தியானம் அந்த மேஜையில் ஏழு பேர் சாப்பிட்டார்கள். ஐந்து பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். வீட்டுக்காரரும், விடுமுறைக்கு வந்திருந்த அவர் தங்கையின் ஆறு வயதுப் பிள்ளையும் திரும்பி வரவில்லை. சூப்பில் எலி மருந்து கலந்திருந்தது என்று நீதிமன்றம் சொன்னது. அவள் செய்தேன் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. யார் கேட்டாலும் ஒரே பதில்: "அன்னைக்குச் சமைச்சது நான்தான்."

சிறையில் அவள் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: சமையலறைக்கு அனுப்பக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை கைதிகள் வேலை மாற்றம் கேட்டு மனு எழுதலாம். அவள் வருடம் தவறாமல் எழுதுவாள். காய் நறுக்கவாவது விடுங்கள், பாத்திரம் கழுவவாவது விடுங்கள். கடைசி ஆறு வருட மனுக்களும் சாவியம்மாவின் மேஜைக்குத்தான் வந்தன. ஆறிலும் "பரிந்துரைக்கப்படவில்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பியவள் அவள்தான். அதை எழுதும்போது ஒரு தடவைகூடக் கை தயங்கியதில்லை. தயங்க என்ன இருக்கிறது?

சாவியம்மா கணவரைக் கையைப் பிடித்துப் படுக்கையறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏங்க, அவ யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமே. கதவைத் தொறந்ததும் அவங்களே சொன்னாங்க. 'நான் மேடத்தோட ஜெயில்ல இருந்தவ. எதுக்காக இருந்தேன்னு சொல்லிடறேன், அப்புறம் உள்ள வரட்டுமான்னு கேக்கறேன்'னாங்க. வாசல்லயே நின்னு முழுசாச் சொன்னாங்க."

"கேட்டுட்டுமா அடுப்படி வரைக்கும் விட்டீங்க?"

"நீதான வரச் சொன்னியாம். வீட்டுக்கு வான்னு சொன்னவ எந்த ரூம் வரைக்கும்னு சொல்லலையே."

"விளையாடாதீங்க. குட்டி அவ பக்கத்துல நிக்கறா!"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "காய் எல்லாம் அவங்களே வாங்கிட்டு வந்திருக்காங்க. ஏதோ ஒரு கல்யாண மண்டபத்துல தரை தொடைக்கற வேலையாம். தங்கியிருக்கற இடத்துல அடுப்பு வெக்கக் கூடாதாம். ஒரே ஒரு வேளை சமைச்சுக்கட்டுமான்னு கேட்டாங்க. 'சாப்பிட வரலை சார், சமைக்க வந்தேன்'னாங்க. என்னன்னு இல்லேங்கறது?"

"எனக்கு வேலை போயிடும். வெளிய வந்து ஒரு வருஷம் ஆகாதவங்களைக் காவலர் வீட்டுல சேக்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"அப்படியா? போனா வேற வேலை பாப்போம். இந்த வீட்டைக் காலி பண்ணச் சொன்னா இதைவிடச் சின்னதாப் பாப்போம். நமக்கு எது போதாம இருந்திருக்கு, சொல்லு?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "விதியைச் சொல்லி அனுப்பணும்னா அனுப்பிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்காகத்தான் அனுப்பறியான்னு நீயே பாத்துக்கோ."

அதுதான் அவரிடம் உள்ள தொந்தரவு. எதிர்த்துப் பேசினால் பதிலுக்குப் பேசலாம். இப்படி விட்டுக்கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டால் என்ன செய்வது?

அவர் போன பிறகு அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். விதி எவ்வளவு சமயத்தில் வந்து கைகொடுக்கிறது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்பு வாசலில் விலாசம் சொன்னபோது அந்த விதி எங்கே போயிருந்தது? போன மாதம்தான் சபையில் பெண்கள் கூட்டத்தில் அவளைப் பேசச் சொன்னார்கள். வருகிறவர்களை முகம் பார்த்து வரவேற்பதைப் பற்றி, சிறையில் இருப்பவர்களைக் கூடப் பிறந்தவர்களாக நினைப்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். கதவைப் பற்றி நன்றாகவே பேசினாள். கதவு அவளுடைய தொழில் ஆயிற்றே. திறப்பதற்குத்தான் சாவி என்றபோது முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த அரை மணி நேரத்தில் சமையலறையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

வெளியே கொதிக்கிற சத்தம் கேட்டது. எழுந்தாள்.

"குட்டி, போய் அப்பாவுக்கு ஒத்தாசை பண்ணு."

"நான் அத்தைக்கு ஒத்தாசை பண்றேனே."

அத்தையாம். அது அவள் அப்பாவின் வேலையாகத்தான் இருக்கும். "போன்னு சொன்னேன்."

"அவ இருக்கட்டும் மேடம்" என்றாள் சமையல்காரி. குரலில் இருந்தது கெஞ்சலா கட்டளையா என்று தெரியவில்லை. "அவ இல்லாம முடியாது."

என்ன முடியாது? சாவியம்மா மகளை முக்காலியிலிருந்து கையைப் பிடித்து இறக்கி, வெளியே அனுப்பி, வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

மகள் வெளியே போன அந்தக் கணமே சமையல்காரி அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டடி பின்னால் வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். சிறையில் சோதனைக்கு நிற்கிற நிலை. சாவியம்மா ஆயிரம் தடவை பார்த்த நிலை. தன் சமையலறையில், தன் அரைக்கும் இயந்திரத்துக்கும் பாத்திர அலமாரிக்கும் நடுவில் அதைப் பார்க்க அவளுக்கு என்னவோ செய்தது.

"கையை இறக்கு. எதுக்கு இப்படி நிக்கற?"

"பாக்கறதுக்கு ஆள் இல்லாம நான் அடுப்பைத் தொடறதில்ல மேடம். பாப்பாகிட்ட சொல்லியிருக்கேன். நான் எதைப் போட்டாலும் அவ பேர் சொல்லணும். பேர் சொல்லலேன்னா போட மாட்டேன். அன்னைக்கு அந்த வீட்டுல என்கூட யாருமே இல்ல. கோர்ட்டுல அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. 'நீ போடலேன்னு பாத்தவங்க யாராவது இருக்காங்களா?'ன்னு."

அப்படியானால் குட்டியை அவள் பக்கத்தில் நிறுத்திக்கொண்டது சாட்சிக்கு. சாவியம்மாவுக்கு மூச்சு கொஞ்சம் இளகியது. ஆனால் பயம் என்பது ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொரு ஓட்டை வழியாகத் தலை நீட்டும். கழுவுதொட்டிக்குக் கீழே, குழாய்க்குப் பின்னால், எலி மருந்துப் பொட்டலம் இருப்பது அப்போதுதான் நினைவு வந்தது. போன மாதம் அவளே வாங்கி வைத்தது.

ஏதோ பாத்திரம் தேடுவதுபோலக் குனிந்தாள். குழாய்க்குப் பின்னால் பொட்டலம் இல்லை.

"மூலையில இருக்கு மேடம்" என்றாள் சமையல்காரி, சுவரோரம் நின்றபடியே. "காய் கழுவறப்போ கண்ணுல பட்டுச்சு. விளக்குமாத்துக் கட்டையால தள்ளி வெச்சேன். கை படல."

மூலையில்தான் இருந்தது. வாய் மடித்திருந்தது. யார் மடித்தது? கடைசியாக வைத்தபோது மடித்து வைத்தோமா, அப்படியே சுருட்டி வைத்தோமா? சாவியம்மா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இலேசாக இருந்தது. எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தானே எவ்வளவு குறைந்தது என்று தெரியும்? கைப்பையைத் திறந்து உள்ளே போட்டு ஜிப்பை இழுத்தாள். இழுக்கிற சத்தம் அந்தச் சின்ன அறையில் அசிங்கமாகக் கேட்டது.

சமையல்காரி முகம் மாறவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. "நல்லது மேடம். அந்தப் பினாயிலையும் எடுத்துடுங்க. எனக்கும் நிம்மதியா இருக்கும்."

சாவியம்மா பினாயில் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய்க் குளியலறையில் வைத்துவிட்டு வந்தாள். வெட்கம் வெட்கமாக வந்தது. வந்தாலும் எடுத்துத்தான் போனாள்.

குட்டி மறுபடியும் முக்காலியில் ஏறினாள். அடுப்பு எரிந்தது. "மிளகுத்தூள் அரை ஸ்பூன். தண்ணீ மூணு டம்ளர்." கூடத்தில் உட்கார்ந்து சாவியம்மா அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். குரல் ஒரு விநாடி நின்றாலும் எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். ஒரு தடவை கொஞ்ச நேரம் நின்றேவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டு பேரும் அலமாரி முன்னால் நின்று எதையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணுமில்ல மேடம்" என்று சமையல்காரி அலமாரியை மூடிவிட்டாள்.

மூன்று மணிக்கு மேஜையில் நாலு கிண்ணம். ரொட்டி. நடுவில் ஆவி பறக்கும் சூப்.

சமையல்காரி தன் கிண்ணத்தை நிரப்பித் தன் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மற்ற மூன்றையும் நிரப்பினாள், ஆனால் அவர்கள் பக்கம் நகர்த்தவில்லை. "நான் முதல்ல சாப்பிடறேன். கடிகாரத்தைப் பாத்துக்கோங்க சார். அரை மணி நேரம் கழிச்சு நீங்க சாப்பிடுங்க."

"சூப் ஆறிடுமே!" என்றார் அவர்.

"மறுபடி சுட வெச்சுத் தரேன், பாப்பா கூட நின்னா. உள்ளயும் அப்படித்தான சார். எங்களுக்குப் போடறதுக்கு முன்னால மேடம் ஒரு கரண்டி குடிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுவாங்க. அது இங்கயும் இருக்கட்டும்."

"விருந்தாளி சொன்னா மறுபேச்சு கிடையாது" என்றார் கணவர். "ஆனா ஜெபத்தை ஆற வெக்க முடியாது, அதை இப்பவே பண்ணிடலாம்."

அவருடைய ஜெபம் எப்போதும் நாலே வரி. இருப்பதற்கு நன்றி, இல்லாதவர்களுக்குக் கொடும், இதைச் சமைத்த கைகளை ஆசீர்வதியும், ஆமென். பத்து வருடமாகச் சாவியம்மாவின் கைகளுக்காகச் சொல்லிவந்த வரி அது. இன்று அதே வரி வேறு கைகளுக்குப் போயிற்று. அவளால் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் அந்த ஒரு நொடியில் எதுவும் நடக்கலாம் என்று தோன்றியது. திறந்திருந்த கண்ணால் எதிரே பார்த்தாள். சமையல்காரியும் கண்ணை மூடவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமென் சொல்லும்வரை இருவரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சமையல்காரி சாப்பிட ஆரம்பித்தாள். ரொட்டியைப் பிய்த்து, தொட்டு, மென்று, விழுங்கி. அவள் தொண்டை ஏறி இறங்குவதைச் சாவியம்மா எண்ணினாள். ஐந்து நிமிடம். ஆறு நிமிடம். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? விஷம் வைத்தவள் தானே குடிப்பாளா?

குடிப்பாள், என்றது உள்ளே ஒன்று. உயிரே வேண்டாம் என்று ஆனவள் குடிப்பாள். சிறைக்குள் அப்படி இரண்டு பேரைச் சாவியம்மா தன் கையால் கயிற்றிலிருந்து இறக்கிக் கிடத்தியிருக்கிறாள். முந்தின நாள்வரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள். அடுப்பும் இல்லாமல், ஆளும் இல்லாமல், எட்டு மாதம் கல்யாண மண்டபத்தில் தரை துடைத்தவளுக்கு அரை மணி நேரம் ஒரு கணக்கா? தன்னை ஆறு வருடம் மறுத்தவளின் வீட்டு மேஜையைவிட வேறு நல்ல இடம் அவளுக்குக் கிடைக்குமா?

அந்த நினைப்பு வந்ததும் சாவியம்மா மற்ற மூன்று கிண்ணங்களையும் பார்த்தாள். பிறகு, அவளே எதிர்பாராமல், அந்தப் பயத்தின் அடியை அவள் பார்த்துவிட்டாள். அங்கே அடியே இல்லை. அரை மணி நேரம் கழிந்தாலும், ஒரு நாள் கழிந்தாலும் இது இன்னொன்று கேட்கும். கேட்டுவிட்டாலென்ன? நீ செஞ்சியா, இல்லையா? ஒன்பது வருடம் சொல்லாததை இந்த மேஜையில் சொல் என்று கேட்டால்? "இல்ல" என்று சொன்னால் நம்பப்போகிறாளா? "ஆமா" என்றால் எழுந்து போகச் சொல்வாளா? மேஜையில் உட்கார வைத்துவிட்டு, வாயிலிருந்து பதிலைப் பிடுங்கிக்கொண்டுதான் சாப்பிடுவேன் என்பது என்ன விருந்து? அதைத்தான் சிறையில் தினமும் செய்கிறாளே. பூட்டுகிற அதே கையால்தான் ஒருத்தியை வீட்டுக்குள் விட்டிருக்கிறாள்.

பன்னிரண்டாவது நிமிடம் சாவியம்மா ஒரு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக் கரண்டியை எடுத்தாள்.

"மேடம், இன்னும் நேரமாகல."

"தெரியும்."

குடித்தாள். ஒரு ருசியும் தெரியவில்லை. பயத்தில் நாக்கு செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது வாய், மூன்றாவது வாய்.

"அப்போ நானும்!" என்று குட்டி கிண்ணத்துக்குக் கை நீட்டினாள்.

சாவியம்மாவின் இடது கை பாய்ந்து அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பிடிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. தன் உயிரைக் கொடுப்பது இவ்வளவு சுலபமாக இருந்ததே, இது ஏன் இப்படி? விரல்களைத் தளர்த்தப் பார்த்தாள். தளரவில்லை. ஆறு வயதுப் பிள்ளை ஒன்று, அவள் முகம் பார்த்திராத பிள்ளை, அந்த மேஜையில் ஐந்தாவது ஆளாக உட்கார்ந்திருந்தது.

"அம்மா, வலிக்குது."

கணவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"பிடிச்சுக்கோங்க மேடம்" என்றாள் சமையல்காரி, மெதுவாக. "தப்பே இல்ல. உங்க இடத்துல நானா இருந்தா ரெண்டு கையையும் சேத்துப் பிடிச்சிருப்பேன்."

"பயமா இருக்கு எனக்கு" என்றாள் சாவியம்மா. சத்தமாகச் சொன்னது அவளுக்கே வேறு யாரோ சொன்ன மாதிரி கேட்டது.

"எனக்கும்தான். இதுக்கு முன்னால மூணு தடவை உங்க மாடிப்படி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். பாப்பாவுக்குத் தானா ஒரு வயித்து வலி வந்தாக்கூட நான்தான்னு ஆயிடுமே. இப்பக்கூடக் காலைத் தரையில அழுத்தி வெச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன், நடுங்குது."

சாவியம்மா அவளைப் பார்த்தாள். ஒன்பது வருடத்தில் அவளை எண்ணியிருக்கிறாள், சோதித்திருக்கிறாள், பூட்டியிருக்கிறாள். இவளுக்கும் பயம் இருக்கும் என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை. பூட்டிய கதவின் இந்தப் பக்கம் மட்டும்தான் பயம் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

முதலில் கட்டை விரல் விட்டது. பிறகு மற்றவை, ஒவ்வொன்றாக. மணிக்கட்டில் சிவப்பாகத் தடம் இருந்தது. குட்டி அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, அம்மாவை ஒரு முறை முறைத்துவிட்டு, கரண்டி நிறைய அள்ளி வாயில் வைத்தாள்.

குட்டியின் முகம் சுருங்கியது. மூக்கு சுருங்கியது. வாயைத் திறந்தாள்.

சாவியம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"அய்யே! உப்பே இல்ல அத்தை!"

சமையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "அலமாரியில ரெண்டு டப்பா இருந்துச்சு. ரெண்டுலயும் வெள்ளைப் பொடி. எது உப்புன்னு பாப்பாவுக்குத் தெரியல. வாயில வெச்சுப் பாக்கறேன்னா, நான் விடல. பேர் தெரியாத வெள்ளைப் பொடியை நான் தொட மாட்டேன். உங்ககிட்ட கேக்கவும் தைரியம் வரல. அப்படியே இறக்கிட்டேன்."

கணவர் மெதுவாகத் தன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்லுவாங்க. வெந்நீரைவிடக் கொஞ்சம் பரவாயில்ல" என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "நீ மூணு வாய் குடிச்சியே, உனக்குத் தெரியலையா?"

"நாக்கு செத்துப்போச்சுன்னு நினைச்சேன்" என்றாள் சாவியம்மா. குட்டிதான் முதலில் சிரித்தது. அவர் சிரித்தார். சமையல்காரி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது, கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. அவள் சமையலில் குறை சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று!

சாவியம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். இரண்டு டப்பாக்களில் சோடா மாவு எது, உப்பு எது என்று அவளுக்குத் தெரியும். உப்பு டப்பாவை எடுத்து வந்து, மூடியைத் திறந்து, சமையல்காரியின் முன்னால் வைத்தாள்.

"நீ போடு."

"நீங்களே போடுங்க மேடம்."

"சமைச்சவதான் உப்புப் பாக்கணும். என்னைக் கேட்டா எனக்கு என்ன தெரியும்? குட்டிக்கு முதல்ல போடு."

சமையல்காரி டப்பாவை வெகு நேரம் பார்த்தாள். பிறகு மூன்று விரலால் ஒரு சிட்டிகை எடுத்தாள். அந்தக் கை குட்டியின் கிண்ணத்துக்கு மேலே வந்து நின்றது, வெள்ளைத் துகள் இரண்டு மேஜையில் உதிர்ந்தன. அவள் நிமிர்ந்து சாவியம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

சாவியம்மாவுக்குப் பயம் இன்னும் அப்படியேதான் இருந்தது. இன்று முழுக்க இருக்கும். குட்டி தூங்கின பிறகு மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கத்தான் போகிறாள், அது அவளுக்கே தெரியும். தலையை ஆட்டினாள்.

விரல்கள் விலகின. உப்பு விழுந்து கரைந்தது. "இன்னும் கொஞ்சம் அத்தை" என்றாள் குட்டி, கலக்கிக்கொண்டே.

சாவியம்மா தன் கிண்ணத்தையும் அந்தக் கைக்குக் கீழே நகர்த்தினாள்.